கமிட்டி முடிவெடுக்கறதில்ல, அரசுதான் பதில் எழுதணும்: பிரிட்டன்ல க்ளைமேட் நிபுணர் குழு எப்படி வேலை செய்யுது

2025 அக்டோபர்ல பிரிட்டனோட கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் கெமி பேடெனாக் ஒரு அறிவிப்பு விட்டாங்க, நாங்க ஆட்சிக்கு வந்தா 2008 க்ளைமேட் சேஞ்ச் சட்டத்தையே ரத்து பண்ணிடுவோம்னு. அதே கட்சியோட முன்னாள் பிரதமர் தெரசா மே இது ரொம்பப் பெரிய தப்புன்னு உடனே கண்டிச்சாங்க. இந்த சண்டைல அடிக்கடி அடிபடற பேரு க்ளைமேட் சேஞ்ச் கமிட்டி, அதாவது அந்தச் சட்டத்துல உருவான, அரசுக்கு ஆலோசனை சொல்ற நிபுணர் குழு. ஒரு பக்கம், ஓட்டே வாங்காத நிபுணருங்க எங்க பாய்லர், கார், சாப்பாடு வரைக்கும் முடிவு பண்றாங்கன்னு கோபப்படறாங்க. இன்னொரு பக்கம், விஞ்ஞானிங்க சொல்லிட்டா அரசு செஞ்சே ஆகணும்ல, அப்புறம் ஏன் நடக்கலன்னு கேக்கறாங்க. ரெண்டுமே சட்டத்துல இருக்கறதுக்கு ஒத்துவராத பேச்சு. அந்த கமிட்டிக்கு உண்மையா என்ன அதிகாரம் இருக்கு, என்ன இல்லங்கறத அடியிலேர்ந்து பாத்தாத்தான் ரத்து பண்ணா என்ன போகும்னு புரியும்.

மொதல்ல மூணு வார்த்தை

கார்பன் பட்ஜெட்: பணத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஒரு நாடு அஞ்சு வருஷத்துல மொத்தமா எவ்வளவு பசுங்குடில் வாயு வெளிய விடலாம்ங்கற அளவு. நாட்டுக்கே போட்ட ரேஷன்னு வச்சுக்கலாம். பிரிட்டனோட மொதல் பட்ஜெட் 2008லேர்ந்து 2012 வரைக்கும், 301.8 கோடி டன். ஆறாவது பட்ஜெட் 2033 முதல் 2037 வரைக்கும், வெறும் 96.5 கோடி டன், அதுலயும் வெளிநாட்டு விமானம், கப்பல் கணக்கு சேந்தே வருது. மொதல் அஞ்சு பட்ஜெட்ல அந்தக் கணக்கு இல்லவே இல்ல, ஆக உண்மையான இறக்கம் இந்த ரெண்டு நம்பரப் பாத்தா தெரியறதவிட அதிகம்.

நெட் ஜீரோ: வெளிய விடற அளவும், மரம், மண்ணு, டெக்னாலஜி மூலமா திரும்ப இழுக்கற அளவும் சமமாகறது. பிரிட்டனுக்கு சட்டப்படி இதுக்கு 2050 கெடு.

சட்டபூர்வ கமிட்டி: அமைச்சர் ஒரு ஆர்டர் போட்டு உருவாக்குற குழு வேற, நாடாளுமன்றம் சட்டம் போட்டு உருவாக்குற அமைப்பு வேற. முன்னத அமைச்சரே ஒரு சாயங்காலத்துல கலைச்சிடலாம், பின்னத கலைக்க மறுபடி நாடாளுமன்றத்துக்குத்தான் போகணும். கேக்க சின்ன வித்தியாசமா இருக்கும், ஆனா இந்தக் கட்டுரைல பாதி விஷயம் இதுலதான் நிக்குது.

எதுக்கு இப்படி ஒரு கமிட்டி

பிரச்சன காலக்கணக்குல இருக்கு. ஒரு அரசோட ஆயுசு நாலஞ்சு வருஷம். ஒரு மின் நிலையம் கட்டினா முப்பது நாப்பது வருஷம் ஓடும், ஒரு வீடு கட்டினா நூறு வருஷம் நிக்கும். 2050க்கு டார்கெட் வைக்கறது எந்த அரசியல்வாதிக்கும் சுலபம், ஏன்னா அப்ப அவரு பதவில இருக்கப்போறதில்ல. ஆனா அதுக்காக இன்னிக்கு ஒரு வரிய ஏத்தணும், ஒரு ரோட்டு திட்டத்த நிறுத்தணும்னா கஷ்டம், அந்த ஓட்டு அடுத்த வருஷமே போயிடும். இதுல பணம் போடற கம்பெனிங்களுக்கும் ஒரு பயம் இருக்கு, அரசு மாறினா பாலிசி மாறிடுமோ, நம்ம போட்ட காசு முடங்கிடுமோன்னு.

வட்டி விகித விஷயத்துல இதே மாதிரி சிக்கல் வந்தப்ப பல நாடுங்க அத அரசியல்லேர்ந்து கொஞ்சம் தள்ளி வச்சுது. பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு 1997ல அந்த அதிகாரம் போச்சு, நம்ம ரிசர்வ் வங்கில 2016லேர்ந்து ஆறு பேர் கொண்ட குழு ரெப்போ ரேட்ட முடிவு பண்ணுது. க்ளைமேட் கமிட்டியையும் நிறைய பேர் இதோடதான் ஒப்பிடறாங்க, ஆனா அங்கதான் தப்பு நடக்குது. வட்டிக் குழு நிஜமாவே முடிவெடுக்குது, அது சொன்னா ரேட்டு மாறிடும். க்ளைமேட் கமிட்டியால ஒரு பைசா வரி போட முடியாது, ஒரு பாய்லர தடை பண்ண முடியாது, பட்ஜெட் நம்பரக்கூட அது சொல்ல மட்டும்தான் முடியும். நம்பர சட்டமாக்கறது அமைச்சரும் நாடாளுமன்றமும்தான்.

அப்ப அதோட பலம் எங்கேர்ந்து வருது

2008 சட்டத்துல இருக்கற சில சின்ன விதிங்கள்லேர்ந்து:

1. கார்பன் பட்ஜெட்ட அந்த காலம் தொடங்கறதுக்கு 12 வருஷம் முன்னாடியே முடிவு பண்ணிடணும். ஏழாவது பட்ஜெட் 2038ல தொடங்குது, அதுக்கு கெடு 2026 ஜூன் 30.

2. முடிவு பண்றதுக்கு முன்னாடி கமிட்டியோட ஆலோசனைய அரசு கண்டிப்பா பரிசீலிக்கணும். கமிட்டி சொன்ன அளவவிட்டு வேற அளவ வச்சா, ஏன் வச்சோம்னு காரணத்த எழுதி வெளியிடணும்.

3. ஒவ்வொரு வருஷமும் ஜூன் 30க்குள்ள கமிட்டி நாடாளுமன்றத்துக்கு முன்னேற்ற அறிக்கை குடுக்கணும். அமைச்சர் கிட்ட குடுத்து அவரு அலமாரில வச்சு பூட்டிக்கற கதை இங்க கெடயாது.

4. அக்டோபர் 15க்குள்ள அரசு அதுக்கு பதில் குடுத்தாகணும்.

5. ஒருதரம் வச்ச பட்ஜெட்ட, அடிப்படை நிலவரத்துல பெரிய மாற்றம் வந்திருந்தா மட்டும்தான் மாத்தலாம், அதுக்கும் கமிட்டி கிட்ட மறுபடி கேக்கணும்.

இதுல எந்த விதியும் அரசோட கையக் கட்டிப்போடல. அரசு தாராளமா "முடியாது"ன்னு சொல்லலாம், ஆனா அத எல்லார் முன்னாடியும், காரணத்தோட, தேதிக்குள்ள சொல்லணும், அவ்வளவுதான். இது ரொம்ப சின்ன கட்டாயம் மாதிரி தெரியும், ஆனா எனக்குத் தெரிஞ்சு இந்த முழு அமைப்போட உயிர்நாடி இதுதான். ஏன்னா எழுதி வச்ச காரணத்த எதிர்க்கட்சி படிக்கும், பத்திரிகை படிக்கும், கோர்ட்டும் படிக்கும்.

2008லயே நடந்த ஒரு திருப்பம்

சட்ட மசோதா வந்தப்ப அதுல இருந்த டார்கெட் 2050க்குள்ள 60 சதவீதம் குறைப்பு. அந்த நம்பரோட பூர்வீகம் 2000ல சுற்றுச்சூழல் மாசு பத்தின ராயல் கமிஷன் குடுத்த அறிக்கை. நடுவுல எட்டு வருஷத்துல அறிவியல் நகர்ந்துடுச்சு. சட்டம் பாஸ் ஆகறதுக்கு முன்னாடியே முன்னோட்டமா வேலை ஆரம்பிச்சிருந்த கமிட்டி, அடேர் டர்னர் தலைமைல, 60 பத்தாது 80 வேணும்னு 2008 அக்டோபர்ல எழுதிக் குடுத்துச்சு. அப்ப புதுசா பொறுப்பேத்திருந்த அமைச்சர் எட் மிலிபேண்ட் அதே மாசம் ஏத்துக்கிட்டாரு. இறுதி ஓட்டெடுப்புல எதிர்த்தவங்கள விரல் விட்டு எண்ணிடலாம், கன்சர்வேடிவ் கட்சியே பெரும்பாலும் ஆதரிச்சுது. இன்னிக்கு இருக்கற சண்டைய வச்சு அந்த நாள நெனச்சுப் பாக்கறதே கஷ்டமா இருக்கு.

2019லயும் இதே பாதைதான். வெப்பத்த 1.5 டிகிரில நிறுத்தறது பத்தி ஐ.நா.வோட க்ளைமேட் அறிவியல் குழுவான ஐபிசிசியோட அறிக்கை 2018 அக்டோபர்ல வந்ததும், நம்ம டார்கெட்ட மாத்தணுமான்னு அரசு கமிட்டிய முறைப்படி கேட்டுச்சு. 2019 மே 2ஆம் தேதி பதில் வந்துச்சு: 2050க்குள்ள நெட் ஜீரோ முடியும், 2050ல வருஷச் செலவு ஜிடிபில 1லேர்ந்து 2 சதவீதம் ஆகும்னு. ஜூன் கடைசில அது சட்டமாயிடுச்சு.

கசப்பு வந்தப்ப: நாலாவது பட்ஜெட்

எல்லாரும் ஒத்துப்போற நேரத்துல ஒரு ஏற்பாடு வேலை செய்யறது பெரிய விஷயம் இல்ல, சண்ட வரும்போதுதான் அதோட தரம் தெரியும். 2023 முதல் 2027 வரைக்கும் உள்ள நாலாவது பட்ஜெட்டுக்கு கமிட்டி 195 கோடி டன்னு சொல்லுச்சு, அதாவது 1990 அளவுல பாதி. 2011ல கூட்டணி அரசோட கேபினெட்டுக்குள்ளயே தகராறு, ஐரோப்பாவ விட நாம வேகமா போனா நம்ம ஆலைங்க அடிபடுமேன்னு நிதித்துறை பக்கமும் வணிகத்துறை பக்கமும் கவலை. கடைசில ஒரு சமரசம் பண்ணாங்க: நம்பர அப்படியே ஏத்துக்கறோம், ஆனா 2014ல மறுபரிசீலனை பண்ணுவோம்னு.

அந்த மறுபரிசீலனைல என்ன ஆச்சுன்னா, கமிட்டி 2013 கடைசில அறிவியல், செலவு, ஐரோப்பிய நிலவரம் எல்லாத்தையும் திரும்ப எடுத்துப் பாத்து, தளர்த்தறதுக்கு தேவையான அளவுக்கு எதுவும் மாறலன்னு எழுதிடுச்சு. அஞ்சாவது விதிய ஞாபகம் வச்சுக்கோங்க, பெரிய மாற்றம் இல்லன்னா மாத்த முடியாது. 2014 ஜூலைல அரசு பட்ஜெட்ட அப்படியே விட்டுடுச்சு. கமிட்டி யாரையும் தடுக்கல, பட்ஜெட்ட தளர்த்த அரசுக்கு சட்டப்படி ஒரு காரணம் வேணும், அந்தக் காரணம் கெடைக்கல.

வீட்டு பில்லுல வந்து நிக்கற ஆலோசனை

ஒரே ஒரு ஆலோசனைய கிட்டப்போய் பாப்போம். பிரிட்டன்ல பெரும்பாலான வீடு கேஸ் பாய்லர்லதான் சூடாகுது. 2025 பிப்ரவரில ஏழாவது பட்ஜெட்டுக்கு கமிட்டி சொன்ன பாதைல 2040க்குள்ள கிட்டத்தட்ட பாதி வீட்டுல ஹீட் பம்ப் இருக்கணும், 2023ல அது ஒரு சதவீதம் சுமாருக்குத்தான். ஹீட் பம்ப்னா நம்ம ஊரு ஏசிய திருப்பி மாட்டின மாதிரி, வெளிய இருக்கற சூட்ட இழுத்து உள்ள விடும். ஒரு யூனிட் கரண்டுக்கு சுமார் மூணு யூனிட் சூடு குடுக்கும்.

இப்ப கணக்கு போடுங்க. பிரிட்டன்ல வீட்டுக்கு வர்ற கரண்ட் ஒரு யூனிட், கேஸ் ஒரு யூனிட்ட விட கிட்டத்தட்ட நாலு மடங்கு வெல. கேஸ் வெல 1னு வச்சா, மூணு யூனிட் சூட்டுக்கு ஹீட் பம்ப் செலவு 4. அதே சூட்டுக்கு நல்ல பாய்லர் மூணு சொச்ச யூனிட் கேஸ்தான் எரிக்கும், செலவு 3.3 சுமாருக்கு. பாய்லரே மலிவு. சுற்றுச்சூழல் மேல எவ்வளவு அக்கற இருந்தாலும் மாசா மாசம் கூட காசு கட்ட யாரும் வரமாட்டாங்க, வரணும்னு எதிர்பாக்கறதும் நியாயம் இல்ல.

கரண்ட் வெல ஏன் இப்படின்னா, பல நேரம் கேஸ் நிலையத்தோட வெலதான் மொத்த மார்க்கெட் வெலய நிர்ணயிக்குது, அதோட பசுமைத் திட்டங்களுக்கான கட்டணத்துல பெரும்பங்க கரண்ட் பில்லு மேலயே ஏத்தி வச்சிருக்காங்க. இத எடுத்துவிடுங்க, கரண்ட மலிவாக்குங்கன்னு கமிட்டி பல வருஷமா எழுதிட்டே இருக்கு, 2025 அறிக்கைலயும் முன்வரிசைல இருந்த பரிந்துரை இதுதான். 2025 நவம்பர் பட்ஜெட்லதான் அரசு அந்தக் கட்டணத்துல ஒரு பகுதிய பொது வரிப்பணத்துக்கு மாத்தறதா அறிவிச்சுது. இத்தன வருஷ தாமதத்துக்கு கமிட்டிகிட்ட மருந்து இல்ல. ஆனா அரசு செய்யாம விட்டது என்னங்கறது ஒவ்வொரு வருஷமும் அச்சுல இருக்கு, யாரும் தெரியாதுன்னு சொல்ல முடியாது.

அறிக்கை கோர்ட்டுக்குப் போன கதை

அரசோட நெட் ஜீரோ திட்டத்த எதிர்த்து ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் தி எர்த், க்ளையண்ட் எர்த், குட் லா ப்ராஜெக்ட் மூணு அமைப்பும் போட்ட வழக்குல 2022 ஜூலைல உயர்நீதிமன்ற தீர்ப்பு வந்துச்சு. அரசு அதிகாரிங்களோட சொந்தக் கணக்குப்படியே, எண்ணி அளந்த திட்டங்கள் எல்லாத்தையும் கூட்டினா ஆறாவது பட்ஜெட்டுக்குத் தேவையான குறைப்புல 95 சதவீதம்தான் வந்துச்சு. மீதி 5 சதவீதத்த நாடாளுமன்றத்துக்கு சொல்லவே இல்ல. எந்தத் திட்டம் எவ்வளவு குறைக்கும்ங்கற தனித்தனி கணக்கு கையெழுத்துப் போட்ட அமைச்சர் கைக்கே போகல. சட்டப்படி செல்லாதுன்னு ஆயிடுச்சு. திருத்தி வெளியிட்ட திட்டமும் 2024 மே மாசம் மறுபடி கோர்ட்ல தோத்துச்சு, எல்லாத் திட்டமும் நூத்துக்கு நூறு நடக்கும்னு அமைச்சர் வச்ச எண்ணத்துக்கு ஆதாரம் இல்லன்னு.

கமிட்டியும் இதே கேள்விய வருஷா வருஷம் வேற விதமா கேக்குது: அறிவிச்சத விடு, நம்பத்தகுந்த திட்டம் எவ்வளவுக்கு இருக்கு? 2025 கணக்குல, பிரிட்டன் உலக நாடுங்களுக்கு வாக்கு குடுத்த 2030 டார்கெட்டுக்குத் தேவையான குறைப்புல 38 சதவீதத்துக்குத்தான் நம்பத்தகுந்த திட்டம் இருக்குன்னு சொல்லுச்சு. அதே அறிக்கைல நல்ல செய்தியும் இருந்துச்சு, 2024ல வாயு வெளியேற்றம் 1990ஐ விட பாதிக்கும் கீழ வந்துடுச்சு. 2024 செப்டம்பர் 30ல கடைசி நிலக்கரி மின் நிலையமான ராட்க்ளிஃப் ஆன் சோர மூடினதோட அந்த நாட்டுல நிலக்கரி கரண்டே முடிஞ்சு போச்சு.

சுதந்திரத்த எப்படி பறிக்கறாங்க: மூணு நாடு

யாரும் நிபுணருங்க வேண்டாம்னு நேரா சொல்றதில்ல, வழிங்க வேற வேற.

1. ஆஸ்திரேலியா, கலைக்கறது. 2013 செப்டம்பர்ல டோனி அபாட் அரசு வந்ததும் டிம் ஃப்ளானரி தலைமைல இருந்த க்ளைமேட் கமிஷன் உடனே கலைஞ்சுது, அது நிர்வாக உத்தரவுல உருவான அமைப்பு. மக்கள் கிட்ட காசு திரட்டி அவங்களே க்ளைமேட் கவுன்சில்னு மறுபடி தொடங்கினாங்க, ஒரு வாரத்துல கிட்டத்தட்ட 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் சேந்துச்சு. அதே அரசு க்ளைமேட் சேஞ்ச் அத்தாரிட்டியையும் ஒழிக்கப் பாத்துச்சு, ஆனா அது சட்டத்துல பொறந்தது, செனட்ல பலிக்கல. ஆளும் பணமும் சுருங்கி பல வருஷம் பேருக்கு இருந்துச்சு, 2022 சட்டத்துக்கப்புறம் திரும்ப உயிர் வந்துச்சு. ஆரம்பத்துல சொன்ன அந்த ஆர்டர், சட்டம் வித்தியாசம் இதுதான்.

2. ஜெர்மனி, விதிய மாத்தறது. ஒவ்வொரு துறைக்கும் வருஷ வரம்பு, தாண்டினா அந்தத் துறை அமைச்சகம் அவசரத் திட்டம் குடுக்கணும், அஞ்சு பேர் நிபுணர் குழு அத சோதிக்கும்னு சட்டம் இருந்துச்சு. 2021ல போக்குவரத்து துறை வரம்ப தாண்டுச்சு. அமைச்சர் ஃபோல்கர் விஸிங் குடுத்த திட்டத்த 2022 ஆகஸ்ட்ல பாத்த குழு, இது அடிப்படையிலேயே பத்தாது, மேற்கொண்டு சோதிக்கவே அவசியமில்லன்னு சொல்லிடுச்சு. நேர்மையான பதில். ஆனா 2024ல சட்டமே மாறிடுச்சு, துறைவாரி வருஷக் கட்டாயம் போயி எல்லாத் துறையையும் மொத்தமா பாக்கற முறை வந்துச்சு. குழு இருக்கு, ஆனா அது சுட்டிக்காட்டின ஓட்டைய அந்தத் துறையே உடனே அடைக்கணும்ங்கற கட்டாயம் இல்ல.

3. நியூசிலாந்து, கேள்விய மாத்தறது. இதுதான் கண்டுபிடிக்கவே கஷ்டமான வழி. அங்க மாடு, ஆடு விடற மீத்தேன் பெரிய பங்கு. சட்டத்துல 2050க்கு 24லேர்ந்து 47 சதவீதம் குறைப்புன்னு இருந்துச்சு, சட்டபூர்வ கமிஷன் 2024 கடைசில குறைஞ்சது 35லேர்ந்து 47 ஆக்குங்கன்னு சொல்லுச்சு. அரசு தனியா இன்னொரு நிபுணர் குழு வச்சு, கூடுதல் வெப்பம் ஏறாம இருக்க எவ்வளவு குறைச்சா போதும்னு கேட்டுச்சு. பதில் 14லேர்ந்து 24. அந்தக் குழு கணக்குல தப்பு பண்ணல, கேட்ட கேள்விக்கு சரியாத்தான் சொல்லுச்சு. ஆனா இப்ப இருக்கற வெப்பத்தோட அளவு போதும்ங்கற முடிவு அந்தக் கேள்விக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு, அது அறிவியல் முடிவு இல்ல, அரசியல் முடிவு. 2025 அக்டோபர்ல அரசு 14லேர்ந்து 24ங்கறதத்தான் எடுத்துக்குச்சு. அதுனால ஒரு நிபுணர் அறிக்கை கைக்கு வந்தா யார் எழுதினாங்கன்னு பாக்கறதுக்கு முன்னாடி, கேள்விய யார் எழுதினாங்கன்னு பாக்கணும்.

கமிட்டி மேல உள்ள நியாயமான குறைங்க

பிரிட்டன் கமிட்டியோட தலைவர நியமிக்கறதும், அதுக்குப் பணம் குடுக்கறதும் அது கண்காணிக்கற அரசுங்கதான். 2023 ஜூன்ல லார்ட் டெபன் பதவி முடிஞ்சு போனப்புறம் நிரந்தரத் தலைவர் வர ரெண்டு வருஷம் ஆச்சு, அதுவரைக்கும் பியர்ஸ் ஃபாஸ்டர் இடைக்காலமா பாத்துக்கிட்டாரு, 2025லதான் நைஜல் டாப்பிங் வந்தாரு. ஆள் போடாம இழுத்தடிச்சாலே ஒரு அமைப்பு தளர்ந்துடும், அதுக்கு சட்டத்துல தடை இல்ல.

ரெண்டாவது, அறிவியலையும் விருப்பத்தையும் பிரிக்கறது. எவ்வளவு டன் மிச்சம்ங்கறது அறிவியல். அந்த மிச்சத்த இறைச்சிய குறைச்சு எட்டறதா, விமானப் பயணத்த குறைச்சு எட்டறதாங்கறது ஒரு சமூகம் சேந்து எடுக்க வேண்டிய முடிவு. 2040க்குள்ள இறைச்சி சாப்பிடறது கால்வாசி குறையும்னு கமிட்டி பாதைல இருக்கு, ஆடு மாடு வளக்கற விவசாயிக்கு அது வெறும் நம்பர் இல்ல, வயித்துப்பாடு. ஒரே பாதைய முன்னாடி வச்சா கட்டளை மாதிரிதான் தெரியும். வேற பாதைங்களும் அதோட செலவும் அதே அளவு தெளிவா பக்கத்துல இருக்கணும், இதுல விமர்சகருங்க பக்கம் நியாயம் இருக்குன்னுதான் எனக்குப் படுது.

இந்தியால, தமிழ்நாட்டுல

இந்தியால 2007லயே பிரதமர் தலைமைல ஒரு க்ளைமேட் கவுன்சில் வந்துச்சு. திட்டக்குழு 2010ல கிரித் பாரிக் தலைமைல வச்ச நிபுணர் குழு 2014ல இறுதி அறிக்கை குடுத்துச்சு, கொஞ்ச மாசத்துல திட்டக்குழுவே கலைஞ்சு நிதி ஆயோக் வந்துடுச்சு. இத்தன நாளைக்குள்ள பதில் சொல்லணும்னு எந்தச் சட்டமும் இல்ல. தமிழ்நாட்டுல 2022ல முதலமைச்சர் தலைமைல க்ளைமேட் ஆட்சிமன்றக் குழு அமைஞ்சுது, மான்டேக் சிங் அலுவாலியா, நந்தன் நிலேகனி, எரிக் சோல்ஹைம் மாதிரி ஆளுங்க உறுப்பினருங்க. முதலமைச்சரே தலைவரா இருந்தா துறைங்க சொன்னபடி கேக்கும், வேலை வேகமா நடக்கும், அது நெஜமான லாபம். ஆனா முதலமைச்சர் தலைமைல இருக்கற குழு முதலமைச்சரோட அரசுக்கு மார்க் போடாது. எண்ணூர்ல சாம்பல் கழிமுகத்துல சேந்தா, சதுப்பு நிலத்துல கட்டடம் எழுந்தா, போன வருஷம் சொன்னதும் இந்த வருஷம் நடந்ததும் ஒத்துப்போகலன்னு சட்டமன்ற மேசைல எழுதி வைக்க வேற ஒரு அமைப்பு வேணும்.

ரத்து ஆனா என்ன போகும்

பிரிட்டன்ல ஒரு நாடாளுமன்றம் அடுத்த நாடாளுமன்றத்த கட்டிப்போட முடியாது. சாதாரண பெரும்பான்மை இருந்தா 2008 சட்டத்த ரத்து பண்ணிடலாம், தனி அரசியலமைப்புப் பூட்டு எதுவும் இல்ல. 2050 டார்கெட் மட்டும்தான் போகும்னு நெனக்கறவங்க சட்டத்தோட ரெண்டாம் பாகத்த பாக்கணும், கமிட்டி பொறந்ததே அங்கதான். மாற்று ஏற்பாடு எழுதாம ரத்து பண்ணா 12 வருஷ முன்கூட்டிய பட்ஜெட் போயிடும், அத நம்பி காத்தாலைலயும் கரண்ட் லைன்லயும் பணம் போட்டவங்களோட கணக்கு ஆட்டம் காணும், கோர்ட்டுக்குப் போறவங்களுக்கு காட்ட விதி இருக்காது. ஜூன் 30க்கு அறிக்கை குடுக்கற கடமை யாருக்கும் இருக்காது, அக்டோபர் 15க்கு பதில் எழுதற கடமை அமைச்சருக்கும் இருக்காது.